மார்கழி மேகமும் மாசி இலையும்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கும் ஒரு குளிர்காலம் உண்டு. அங்கே பனி விழாது, தண்ணீர் உறையாது. பொங்கல் முடிந்து, தைப்பூசக் காவடியை இறக்கி வைக்கும் சமயத்தில் கித்தா எனும் ரப்பர் மரங்கள் பழுக்கத் தொடங்கும். முதலில் மேட்டு நிரைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செம்மஞ்சள் தெரியும். கொஞ்ச நாளில் மலை முழுக்கத் துருப்பிடித்தது போல ஆகிவிடும். பிறகு காற்று ஒரு வீச்சு வீசினால் போதும், இலை மழையாகக் கொட்டும். மாசி நடுவில் மரங்கள் மொட்டையாக நிற்கும். வருடம் முழுக்க நிழலில் கிடந்த தரையில் வெயில் விழும். தோட்ட ஆபீஸ் கணக்கில் இதற்கு ‘விண்டரிங்’ என்று பெயர். வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஊர்க் குளிர்காலத்தின் பெயரை இந்த மரத்துக்கு வைத்துவிட்டுப் போனார்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் அது ‘இலை கொட்டுற காலம்’.

அந்தக் காலம் எப்போது வரும், எவ்வளவு நீளும் என்று முன்கூட்டியே அறிந்துகொள்ள லயத்தில் இருந்தவர்கள் ஆசைப்பட்டார்கள் என்றால் அதற்குக் காரணம் அடுப்பு. மரம் பழைய இலையை உதிர்த்துப் புதிய இலை விடும்போது, சேர்த்து வைத்த சத்தையெல்லாம் தளிருக்குக் கொடுத்துவிடும். பால் குறையும். செம்பு நிறத் தளிர் விரிந்து, பச்சையாகி, கெட்டிப்படும் வரைக்கும் பால் பிடிக்கும் மங்கில் பாதிகூட நிறையாது. பால் எடையைப் பார்த்துக் கூலி போட்ட வீட்டில் தை, மாசி, பங்குனி மூன்றும் கடன் மாதங்கள்.

பகாவ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால் மரம் வெட்டிய என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் டிசம்பர் கடைசியிலேயே வரப்போகும் மூன்று மாதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். காலைப் பெயரழைப்பான பெரட்டுக்குப் போகும் இருட்டில் தகரக் கூரையைத் தொட்டுப் பார்ப்பார். இரவில் குளிர்ந்து, காலையில் பனிமூட்டம் இறங்கி, பகலில் வானம் துடைத்துவிட்டது போல இருந்தால் முகம் தெளியும். “இந்த வருஷம் மரம் ஒண்ணா கொட்டும், ஒண்ணா துளுக்கும்” என்பார். வானம் மூடி மூடித் தூறிக்கொண்டே இருந்தால் பேச்சு குறைந்துவிடும். மேட்டில் ஒரு மரம் சிவந்து, பள்ளத்தில் ஒரு மரம் பச்சையாக நின்றால், அந்த வருடம் சீக்கு வரும் என்று அவருக்குத் தெரியும்.

அவர் சொன்னது சரி என்பதைப் பல வருடங்கள் கழித்து, மரநோய் பற்றிய கட்டுரைகளைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். வறட்சி திட்டமாக வரும் வருடத்தில் மரங்கள் ஒரே சமயத்தில் இலை உதிர்த்து, ஒரே சமயத்தில் தளிர்க்கும். தளிர் கெட்டிப்படும் வரை ஈரம் இல்லையென்றால் பூஞ்சைக்கு வேலை இல்லை. தூறலும் மூட்டமும் ஊடே வந்தால் ஒய்டியம் என்ற வெண்பூஞ்சை இளந்தளிரில் மாவு தூவியது போலப் படரும். தளிர் சுருண்டு விழும். மரம் இரண்டாவது முறை மொட்டையாகும். அதைத் தடுக்கத்தான் தோட்டங்களில் விடியும் முன்னே இயந்திரம் வைத்துக் கந்தகத் தூள் அடித்தார்கள். இரண்டாவது முறை கொட்டினால் பால் இன்னும் இரண்டு மாதம் தள்ளிப்போகும். ஆக, பாட்டி பார்த்த இலை அடுத்த வாரத்து வானத்தைச் சொல்லவில்லை. நடந்துவிட்ட வானத்தை மரம் எழுதி வைத்திருந்தது. அதிலிருந்து பங்குனி மாதச் சம்பளத்தை அவர் படித்தார். இந்த வேறுபாடு முக்கியமானது என்று நினைக்கிறேன். இயற்கைக் குறிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வானத்தையே பார்க்கிறார்கள், குறி பார்த்தவரின் வயிற்றைப் பார்ப்பதில்லை.

இந்தக் கண் எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டு ஊரிலிருந்து பாதி வந்தது. கப்பலேறியவர்கள் எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறுவதையும், தும்பி தாழப் பறப்பதையும், அந்தியில் ஈசல் கிளம்புவதையும் படிக்கத் தெரிந்தே வந்தார்கள். நிலாவைச் சுற்றி வட்டம் கட்டினால் அது அகலமா நெருக்கமா என்று பார்த்து மழைக்குக் கணக்குச் சொன்னார்கள். இவையெல்லாம் ஒரு நாள், இரண்டு நாள் கணக்கு. நீண்ட கணக்கும் அவர்களிடம் இருந்தது. மார்கழியில் சூரியன் பூராடத்தில் நிற்கும் பதினான்கு நாளும் ‘கர்ப்போட்டம்’. அந்த நாள்களில் மேகம் கருக்கொள்கிறது என்பது நம்பிக்கை. எந்தத் திசையில் மேகம் ஓடுகிறது, சாரல் விழுகிறதா, காற்று எப்படி என்று நாள் நாளாகக் குறித்து வைத்து, வரும் வருடத்தின் மழையைச் சொல்வார்கள். இதன் வேர் பழையது. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் மேகம் கருக்கொண்டு 195 நாளில் மழையைப் பெறும் என்று கணக்கே இருக்கிறது. சித்திரை முதல் நாள் தோட்டத்துக் கோயிலில் பஞ்சாங்கம் படிக்கும்போது, இந்த வருடம் இத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு இவ்வளவு, மலைக்கு இவ்வளவு, பூமிக்கு இவ்வளவு என்று பூசாரி வாசிப்பார். பூமிக்கு விழும் பங்கு தஞ்சாவூருக்கா பகாவுக்கா என்று யாரும் கேட்டதில்லை.

கேட்டிருக்க வேண்டும். ஊர் நாள்காட்டி இங்கே பாதிதான் பொருந்தியது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, தையில் ஓய்வு என்பது இரண்டு கரைக்கும் பொதுவாக அமைந்தது. வடகிழக்குக் காற்று இரண்டையும் தொடுகிறது. ஆனால் சித்திரையில் ஊர் கத்திரி வெயிலில் காயும்போது நெகிரி செம்பிலானில் பிற்பகல்தோறும் இடியும் மழையும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்லி வளர்ந்தவர்கள், மாசியில் புழுங்கும் லயத்தில் படுத்தார்கள். அந்த இடைவெளியில்தான் அவர்கள் கித்தா மரத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். பிரேசிலிலிருந்து வந்த மரம், தமிழ்நாட்டிலிருந்து வந்த கண், மலாய் மண். இப்படி ஓர் அறிவு வேறு எங்கும் பிறந்திருக்க முடியாது.

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும், ஏனென்றால் மரமும் மனிதரும் மழைக் கணிப்பும் ஒரே வாசலிலிருந்து புறப்பட்டவை. 1875இல் இந்திய வானிலைத் துறை தொடங்கியது. ஹென்றி பிளான்ஃபோர்ட் அதன் பொறுப்பை ஏற்றார். 1876 ஜூனில் ஹென்றி விக்காம் அமேசானிலிருந்து கொண்டுவந்த ஏறக்குறைய 70,000 கித்தா விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் இறங்கின. அதே 1876இல் தென்னிந்தியாவில் பருவமழை பொய்த்தது. தமிழ்க் கணக்கில் அது தாது வருடம். தாது வருஷப் பஞ்சம் என்று இன்றைக்கும் கிழவர்கள் சொல்லும் அந்தப் பஞ்சம் 1878 வரை நீண்டு, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. 1877இல், செங்கற்பட்டிலும் சேலத்திலும் கஞ்சித் தொட்டி முன்னால் ஜனங்கள் வரிசையில் நின்றிருந்தபோது, 22 கித்தாக் கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன.

பஞ்சம் பிளான்ஃபோர்டைக் கேள்வி கேட்க வைத்தது: அடுத்த வருடம் மழை வருமா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? அவர் பிடித்துக்கொண்ட குறி ஒரு குளிர்காலக் குறிதான். இமயமலையில் முந்தைய குளிர்காலத்தில் பனி மிகுதியாக விழுந்தால், அடுத்து வரும் பருவமழை குறையும் என்றார். 1886இல் அந்த அடிப்படையில் முதல் அதிகாரபூர்வக் கணிப்பு வெளிவந்தது. அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் 1899இல் நல்ல மழை என்று சொன்னார். மாறாகக் கொடும் வறட்சியும் பஞ்சமும் வந்தன. பத்திரிகைகள் கிழித்தன. அதன் பிறகு சில வருடங்கள் கணிப்பைப் பொதுமக்களுக்குக் காட்டாமல் ரகசியமாக வைத்துக்கொண்டார்கள்.

1904இல் பொறுப்புக்கு வந்த கில்பர்ட் வாக்கர் வானிலைக்காரர் அல்லர், கணித மேதை. உலகம் முழுவதிலிருந்தும் காற்றழுத்தம், மழை, வெப்பம் எல்லாவற்றையும் வரவழைத்து, எதற்கு எதனோடு தொடர்பு என்று எண்களால் தேடினார். கணினி இல்லாத காலம்; துறையின் இந்திய எழுத்தர்கள் வருடக் கணக்கில் கையால் பெருக்கிக் கூட்டினார்கள். அந்த உழைப்பிலிருந்து ஓர் ஊஞ்சல் தெரிந்தது. பசிபிக்கில் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அங்கே இறங்கும்போது இங்கே ஏறுகிறது. அதற்குத் தென்கோள ஊசல் என்று பெயரிட்டுவிட்டு 1924இல் ஓய்வுபெற்றார். தாம் தேடிய பருவமழைக் கணிப்பு அவருக்கு முழுசாகக் கைகூடவில்லை. 1969இல் ஜேக்கப் பியெர்க்னஸ் இந்த ஊசலையும் பெரு நாட்டுக் கரையோரம் கடல் சூடாகும் எல் நினோவையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டினார். தாது வருடத்து வறட்சிக்குப் பின்னால் ஒரு மிகப் பெரிய எல் நினோ இருந்தது என்பது இன்று தெளிவு. எந்தக் கடல் சூடு எங்கள் முன்னோரை ஊரைவிட்டுத் துரத்தியதோ, அதைத் தேடியே நீண்டகாலக் கணிப்பு என்ற கலை பிறந்தது.

பஞ்சம் முடிந்தும் பயம் முடியவில்லை. அடுத்த தலைமுறையும் அதற்கடுத்த தலைமுறையும் கங்காணி காட்டிய சீட்டை வாங்கிக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கித்தா விலை ஏறியபோது லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ், கெமென்சே என்று நெகிரி செம்பிலான் முழுக்கக் காடு அழிந்து நிரை நிரையாக மரம் நின்றது.

அந்த நிலம் மழையில் ஒரே மாதிரி இல்லை. தித்திவங்சா மலைத்தொடரின் தென்முனை இந்த மாநிலத்தில்தான் வந்து தாழ்கிறது. அதற்குக் கிழக்கே மலைகளுக்கு நடுவில் ஒதுங்கிக் கிடக்கும் ஜெலபு, கோலப்பிலா பகுதிகள் இரண்டு பருவக்காற்றுக்கும் மறைவில் இருக்கின்றன. தீபகற்பத்திலேயே மிகக் குறைவாக மழை பெறும் இடங்களில் ஜெலபு ஒன்று. அங்கே இலை திட்டமாகக் கொட்டும். மேற்கே கடலோரம் போகப் போக மரம் தயங்கும். ஒரு தோட்டத்திலிருந்து மாற்றலாகி வேறு தோட்டத்துக்குப் போன குடும்பம் அந்த இடத்து மரத்தை மறுபடி புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது.

தினமும் மழையையும் படிக்க வேண்டும். பால் விடியற்காலையில்தான் நன்றாக ஓடும். இரவு முழுக்க மரம் நீர் ஏற்றிப் பட்டை விம்மி நிற்கும் நேரம் அது. வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். ஆனால் விடியலில் பட்டை நனைந்திருந்தால் கத்தி வைக்க முடியாது. பால் வெட்டிய கோட்டைத் தாண்டி வழிந்து பட்டையெல்லாம் பரவி வீணாகும். காயும் வரை காத்திருந்து வெட்டினால் பால் குறைவு. வெட்டி முடித்துச் சேகரிக்கும் முன் மழை பிடித்தால் மங்கில் தண்ணீர். 1955 வேலைச் சட்டம் தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 24 நாள் வேலை கொடுக்க வேண்டும், கொடுக்க முடியாவிட்டால் அந்த நாள்களுக்கும் கூலி தர வேண்டும் என்று எழுதியது. அது பெரிய காப்பு. ஆனால் நாளுக்குக் காப்பு கிடைத்தது, எடைக்குக் கிடைக்கவில்லை. மொட்டை மரத்தின் நஷ்டத்தைச் சுமந்தவர் அதை வெட்டியவர்.

ஆபீஸ் வாசலில், புல் வெட்டிய சின்ன வேலிக்குள் ஒரு மழைமானி இருக்கும். காலையில் கிராணியோ அவர் அனுப்பும் பையனோ போய் அளந்து, தடித்த அட்டைப் புத்தகத்தில் எழுதுவார்கள். நாள் தவறாமல், போர்க்காலம் நீங்கலாகப் பல தோட்டங்களில் இந்தப் புத்தகங்கள் வருடக் கணக்கில் எழுதப்பட்டன. அதே ஆபீசுக்கு எதிரில் பெரட்டில் நின்றவர்கள் அந்த மழையை வேறு விதமாக எழுதி வைத்திருந்தார்கள்: எந்தப் பிள்ளை பிறந்த வருடம் மரம் இரண்டு தடவை கொட்டியது, எந்தக் கல்யாணத்துக்கு நகை அடகுக்குப் போனது என்று. இரண்டு பதிவும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

குளிரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். சைபீரியாவின் மேல் கனத்து உட்காரும் குளிர்காற்று உடைந்து, தென்சீனக் கடல் வழியாகச் சில நாளில் நம் பக்கம் இறங்கும். கிழக்குக் கரையில் அது வெள்ளம். மலைக்கு இந்தப் பக்கம் அது சாரலும் மூட்டமும் குளிர்ந்த பகலும். 2018 ஜனவரியில் தீபகற்பத்தின் பல இடங்களில் அப்படி ஒரு குளிர் வந்தது. ஆட்கள் போர்வையோடு திரிந்தார்கள். இந்த இறக்கத்தை ஒரு வாரம் முன்னால் இன்று ஓரளவு சொல்ல முடிகிறது. மூன்று மாதம் முன்னால் சொல்ல முடியாது. மார்கழிப் பதினான்கு நாளில் என் பாட்டி பார்த்த மேகங்களில் பல இந்தக் காற்றில் ஓடியவையாகத்தான் இருக்க வேண்டும்.

ஜெலபு மாவட்டத்தில் பாசோ காடு இருக்கிறது. மூன்று புறமும் செம்பனை சூழ மிஞ்சிய காடு. 1980களில் மலேசிய வன ஆராய்ச்சிக் கழகமும் ஸ்மித்சோனியனும் சேர்ந்து அங்கே 50 ஹெக்டேரில் ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டார்கள்: 800க்கு மேற்பட்ட வகைகள், மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட மரங்கள். மெராந்தி வகை மரங்கள் வருடா வருடம் பூப்பதில்லை. சில வருடத்துக்கு ஒரு முறை காடே சேர்ந்து பூக்கும். எது அவற்றுக்குச் சொல்கிறது? 1988இல் பீட்டர் ஆஷ்டனும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு விடை வைத்தார்கள்: இரவின் குறைந்தபட்ச வெப்பம் இரண்டு பாகை அளவு, தொடர்ந்து சில இரவுகள் இறங்கினால் மரம் அதை உணர்கிறது; ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூக்கிறது. பாசோவில் பின்னர் நடந்த ஆய்வுகள் குளிரோடு வறட்சியும் சேர வேண்டும் என்று காட்டின. இதைப் படித்தபோது நான் நீண்ட நேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. இருட்டில் தகரக் கூரையில் கை வைத்துப் பார்த்த கிழவி தேடியதும் அந்த இரண்டு பாகையைத்தான்.

இன்று மலேசிய வானிலை ஆய்வுத் துறை ஆறு மாதத்துக்கு முன்னோக்கும் கணிப்பை வெளியிடுகிறது. சிங்கப்பூரில் 1993இல் அமைந்த ஆசியான் வானிலை மையம் வட்டாரத்துக்கே பருவக் கணிப்பு தருகிறது. ஆனால் எல் நினோவின் பிடி போர்னியோவில் இறுகுவது போலத் தீபகற்பத்தின் மேற்குப் பக்கத்தில் இறுகுவதில்லை. 2014 பிப்ரவரி வறட்சியில் நெகிரி செம்பிலானில் தண்ணீர் நெருக்கடி அறிவிக்கப்பட்டது. அது பெரிய எல் நினோ வருடம் அல்ல. நீண்டகாலக் கணிப்பு நமக்குச் சாத்தியங்களைத் தருகிறது. இயல்பைவிடக் குறைய இத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று சொல்கிறது. நீர்த்தேக்கத்தை நடத்துகிறவருக்கு அது போதும். ஐந்து ஏக்கர் கித்தா வைத்திருப்பவருக்குப் போதாது.

இலைக் குறியும் இன்று பழையபடி இல்லை. பெஸ்டலோதியாப்சிஸ் என்ற பூஞ்சையால் வரும் புதிய இலை உதிர்வு நோய் சில வருடங்களாக மலேசியக் கித்தாவைப் பிடித்திருக்கிறது. காலமல்லாத காலத்தில் இலை விழுகிறது. பாட்டி இருந்திருந்தால் அந்த இலையை எந்த மாதமென்று படிப்பார்?

மலேசியக் கித்தா இன்று பெரும்பாலும் சிறுதோட்டக்காரர்கள் கையில் இருக்கிறது. மழைக்காலத்தில் வெட்ட முடியாத மாதங்களுக்கு அரசு, சிறுதோட்டக்காரர்களுக்கான ரிஸ்டா அமைப்பு வழியாக உதவித்தொகை கொடுக்கிறது. இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். வானத்தைப் பார்த்துக் கவலைப்பட்டவரின் கவலைக்கு முதல் முறையாக ஒரு பணத் தொகை கிடைத்திருக்கிறது. இலை கொட்டும் மாதங்களுக்கும், நோயால் இரண்டாவது முறை கொட்டும் வருடங்களுக்கும் அதே கணக்கு விரிய வேண்டும். அதற்கு எந்த வட்டாரத்தில் எந்த வருடம் எப்படிக் கொட்டியது என்ற நீண்ட பதிவு வேண்டும். அந்தப் பதிவு இருந்தது. தோட்ட ஆபீஸ் அலமாரிகளில் இருந்தது. தோட்டங்கள் கைமாறி, செம்பனையாகி, பிறகு வீட்டு மனைகளாகி, சிரம்பானும் நீலாயும் விரிந்தபோது எத்தனை மழைப் புத்தகங்கள் குப்பைக்குப் போயினவோ. மிஞ்சியவற்றை மாநிலச் சுவடிக் காப்பகமும் பல்கலைக்கழகங்களும் இப்போதே தேடி எடுக்க வேண்டும். மறுபாதிப் பதிவு செனவாங்கிலும் தெமியாங்கிலும் அடுக்கு வீடுகளில், மூட்டு வலியோடு உட்கார்ந்திருக்கிறது. எண்பது வயது தாண்டிய பால்வெட்டுக்காரர்களிடம் போய், எந்த வருடம் மரம் இரண்டு தடவை கொட்டியது என்று கேட்டு எழுதிக்கொள்ள அரசு தேவையில்லை, ஆய்வு மானியம் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பிற்பகலும் போதும்.

போன தையில் பகாவ் பக்கம் போயிருந்தேன். பாட்டியின் லயம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. அது இலை கொட்டாது. சாலை ஓரத்தில் ஒரு மலாய்ச் சிறுதோட்டக்காரரின் மூன்று ஏக்கர் கித்தா மட்டும் இருந்தது. மேட்டு மரங்கள் சிவந்து, பள்ளத்து மரங்கள் இன்னும் பச்சையாக நின்றன. இரவு தூறியிருந்தது. அவர் வாசலில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். இந்த வருடம் எப்படி என்று கேட்டேன். மேட்டைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், கத்தியைத் துணியில் சுற்றி உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.